மேட்டுப் பாதைக்கு மின்சாரச் சைக்கிள்: ஏறும் பாரமும் இறங்கும் பாரமும்

கடற்கரைப் பட்டணம் என்றால் தரை சமமாகவே இருக்கும் என்று எண்ணுவது வழக்கம். புதுச்சேரியைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. கடலோரத் தெருக்களில் நடப்பவருக்கு மேடு பள்ளம் தெரிவதில்லை. ஆனால் நெசவுக்குப் பேர்போன முத்தியால்பேட்டைப் பக்கத்திலிருந்து கருவடிக்குப்பம் வழியாக லாஸ்பேட்டை நோக்கி, பாரம் ஏற்றிய சைக்கிளை மிதித்துச் சென்றவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவார். லாஸ்பேட்டை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 134 அடி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 41 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெறுங்கையோடு நடப்பவர் இந்த உயரத்தை உணராமலே போய்விடலாம். ஐம்பது கிலோ நூலைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும் நெசவாளரின் முழங்கால் அதை ஒவ்வோர் அடியிலும் கணக்கெடுக்கும்.

கருவடிக்குப்பத்தைச் சித்தானந்த சுவாமிகள் கோயிலாலும், பாரதியார் உலவிய மாந்தோப்பாலும் அறிந்தவர் பலர். அக்காலத்துப் புதுச்சேரித் தெருக்களில் ‘புஷ்புஷ்’ என்றொரு வண்டி ஓடியது. வண்டியில் அமர்ந்தவர் முன்னால் இருந்த பிடியைப் பற்றித் திசை திருப்புவார்; கூலியாள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே ஓடுவான். தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டு கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் இழுப்பது இழிவு என்று சமூகம் ஒப்புக்கொண்டது நல்லதே. ஆயினும் சரக்கை மனிதன் இழுப்பது மட்டும் இன்னும் நீங்கவில்லை. நம் அங்கத்தினர் பலருக்கு அந்தச் சுமை நாள்தோறும் உண்டு. ஆகவே, மின்சார உதவியோடு ஓடும் சரக்குச் சைக்கிள் வாங்கக் கடன் வேண்டும் என்ற விண்ணப்பங்கள் சங்கங்களுக்கு வருவதில் வியப்பில்லை. அவற்றை வரவேற்கவே வேண்டும். எந்த வண்டி, எந்தப் பாதைக்கு, எந்தப் பாரத்துக்கு என்று கேட்காமல் வாங்குவது மட்டும் ஆபத்து. இதை நாம் நம்முடைய தவறு ஒன்றிலிருந்தே கற்றோம்.

இருவர் கண்ட அனுபவம்

கருவடிக்குப்பத்தில் வசிக்கும் நெசவாளர் ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், தாழ்ந்த பகுதியிலிருந்து நூல் எடுத்துச் சென்று மேட்டுத் தெருக்களில் உள்ள தறிவீடுகளுக்குக் கொடுத்து வருகிறார். தம் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டார் பூட்டிக்கொண்டார். சமதரையில் வண்டி பறந்தது, மேட்டில் திணறியது. கடைக்காரரிடம் முறையிட்டபோது அவர் இன்னும் பெரிய பேட்டரியை விற்றார். வண்டியின் எடை கூடியது. மேட்டில் திணறல் நிற்கவில்லை. சில வாரங்களில் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகிப்போயிற்று. “பேட்டரி பெரிசானா மேடு தானா எறங்கிடும்னு சொன்னாங்க ஐயா, கடன்தான் மேடாச்சு” என்று அவர் நம்மிடம் சொன்னார்.

இரண்டாமவர் செம்மண் மேட்டில் தோட்டம் வைத்திருக்கும் ஓர் உழவர். விடியற்காலையில் வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு குபேர் அங்காடிக்கு இறங்கி வருபவர். இவருடைய வண்டி மேட்டில் நன்றாகவே ஏறியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி கவிழ்ந்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் மண்வெட்டியைத் தொட முடியவில்லை. அவருடைய கடன் விண்ணப்பத்தைப் பரிசீலித்துச் சரி என்று குறிப்பெழுதியவர் நாமே. வண்டியின் கிரயம், தவணைத் தொகை, ஜாமீன் எல்லாவற்றையும் பார்த்தோம், பிரேக்கைப் பார்க்கவில்லை.

இந்த இருவரும் செல்வது ஒரே மேடு. நெசவாளர் பாரத்தோடு ஏறுகிறார், வெறுமையாக இறங்குகிறார். உழவரோ பாரத்தோடு இறங்குகிறார், வெறுமையாக ஏறுகிறார். எனவே இருவருக்கும் வேண்டிய வண்டி ஒன்றல்ல. இவ்வளவு எளிய உண்மை நமக்கு ஒரு மனிதரின் கை முறிந்த பிறகே தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

முதலில் எடையும் மேடும்

வண்டிக் கடைக்குப் போகும் முன் அங்கத்தினர் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, எடை போடுவது. சங்கத்தின் தராசிலேயே பார்க்கலாம். பழைய கணக்கில் 10 ராத்தல் நூல்கட்டு ஏறத்தாழ 4½ கிலோ. பன்னிரண்டு கட்டு என்றால் 54 கிலோ. ஓட்டுபவர் 60 கிலோ, மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த சைக்கிள் 35 கிலோ என்று கொண்டால் மொத்தம் 150 கிலோ ஆகிறது. நாற்பது கட்டு கொண்ட ஒரு முழுப் பேல் 181 கிலோவுக்கு மேல். அதை இரண்டு சக்கர வண்டியில் ஒரே தடவையில் ஏற்ற நினைப்பது தகாது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று நம் முன்னோர் எச்சரித்திருக்கிறார்கள். நூல் மயிற்பீலியைவிடக் கனமானது.

இரண்டாவது, மேட்டை அளப்பது. இதற்கு 100 அங்குல நீளமுள்ள நேரான பலகை ஒன்றும், கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றும் போதும். பலகையைச் சாலை ஏறும் திசையில் வைத்து, தாழ்ந்த முனையை ரசமட்டம் சமமாகக் காட்டும் வரை உயர்த்த வேண்டும். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எத்தனை அங்குலமோ, அதுவே நூற்றுக்கு அத்தனை ஏற்றம். நான்கு அங்குலம் என்றால் நூற்றுக்கு நான்கு. பாதையில் பல இடங்களில் அளந்து, மிகச் செங்குத்தான இடத்தின் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். சராசரி ஏற்றம் எவரையும் திணற வைப்பதில்லை. வண்டி நின்றுபோவது ஏதோ ஓர் இடத்தில்தான்.

ஏற்றத்துக்கு வேண்டியது பல்

மேற்சொன்ன 150 கிலோ, நூற்றுக்கு நான்கு ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 205 வாட் சக்தி வேண்டும். தரையின் உராய்வும் இதில் அடக்கம். சாதாரண மனிதர் நெடுநேரம் களைப்பின்றிக் கொடுக்கக்கூடியது 75 வாட் அளவே. ஒரு குதிரைச் சக்தியில் பத்தில் ஒரு பங்கு. அவர் தனியே மிதித்தால் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் மேடு வந்ததும் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். மீதமுள்ள 130 வாட்டை மோட்டார் கொடுத்தால் போதும். ஆகவே 250 வாட்டுக்கு உட்பட்ட சிறிய மோட்டாரே இந்த வேலைக்கு ஏற்றது. மொத்த எடை 250 கிலோவானால் அதே வேகத்துக்கு 340 வாட் தேவைப்படும். அப்போது வேகத்தை மணிக்கு 7 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டால் அதே மோட்டாரே சமாளிக்கும்.

அப்படியானால் நம் நெசவாளரின் மோட்டார் ஏன் கருகியது? அது சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தப்பட்ட வகை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கென அமைந்தது. மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது அதுவும் மெதுவாகவே சுழல வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் மின்சாரத்தின் கணிசமான பகுதி உந்துவிசையாகாமல் வெப்பமாகிவிடுகிறது. பெரிய பேட்டரி அந்த வெப்பத்தை இன்னும் நெடுநேரம் ஊட்டியதே தவிர வேறு உதவி செய்யவில்லை. மாறாக, பெடலுக்கு அருகே பொருத்தப்படும் மோட்டார், செயின் வழியாகப் பின்சக்கரத்தின் பல் மாற்றத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. பல்லை மாற்றினால் மனிதனின் கால் எளிதாகச் சுழல்வதுபோல மோட்டாரும் எளிதாகச் சுழல்கிறது. அடிக்கடி பாரத்தோடு ஏறுபவர்க்கு இந்த வகையே உகந்தது. விலை கூடுதல் என்பதும், செயின் விரைவில் தேயும் என்பதும் உண்மையே. சக்கர மோட்டாரையே வாங்குவதானால், உள்ளே பல்லிணை கொண்டதைச் சிறிய சக்கரத்தில் பூட்டுவது நல்லது. சிறிய சக்கரம் அதே வேகத்தில் அதிகச் சுற்றுகள் சுற்றும்.

காலுக்கும் இதே கணக்குத்தான். முன் பற்சக்கரத்தில் 44 பல், பின் பிரீவீலில் 18 பல் உள்ள சாதாரண 26 அங்குலச் சைக்கிளில் மணிக்கு 10 கிலோமீட்டர் போகும்போது, கால் நிமிஷத்துக்கு 32 சுற்றே சுற்றுகிறது. இதுவே முழங்காலை நோகடிக்கும் மிதி. பின்னால் 22 பல் பிரீவீல் போட்டால் 40 சுற்றாகும். முன்னால் 32, பின்னால் 24 என்று மாற்றினால் 60 சுற்றாகிக் கால் இலகுவாக ஓடும். பழைய வண்டியைத் திருத்த எண்ணுபவர் மோட்டாருக்கு முன்னால் இந்தப் பல்லை மாற்றிப் பார்க்கட்டும். சிலருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

திருத்தும்போது மறக்கக்கூடாதவை இன்னும் மூன்று. பின்சக்கரத்துக்குத் தடித்த போக்ஸ் கம்பி போட வேண்டும். சக்கர மோட்டாரின் அச்சு சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு சுழன்றுவிடாதபடி, அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டை கட்டாயம் வேண்டும். பாரம் உயரத்தில் அல்லாமல் இரு சக்கரங்களுக்கும் இடையே தாழ்வாக அமையும்படி பெட்டியைப் பொருத்த வேண்டும்.

இறக்கத்துக்கு வேண்டியது பிரேக்

150 கிலோ எடை 40 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால், பிரேக்கில் பிறக்கும் வெப்பம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ரப்பர்க் கட்டை ரிம்மை உரசும் பழைய பிரேக் இந்த வெப்பத்தை உலர்ந்த நாளில் ஒருவாறு தாங்கும். மழையில் ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும்; வண்டி நிற்க நெடுந்தூரம் பிடிக்கும். பாரத்தோடு இறங்கும் உழவர்க்கு இரு சக்கரங்களிலும் தட்டு பிரேக்கோ டிரம் பிரேக்கோ இருப்பது அவசியம். மோட்டார் வாங்கப் பணம் போதவில்லை என்றாலும், பிரேக்கை மாற்றப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். பிரேக் பிடித்தவுடன் மோட்டார் தானாக நின்றுவிடும் இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

வேகத்தின் கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவது, 15 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேலை. இறக்கத்தின் தொடக்கத்திலேயே வேகத்தை அடக்கிக்கொள்பவர் நடுவில் திண்டாட வேண்டியதில்லை.

இறங்கும்போது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவிடும் என்று விற்பனைக்காரர் சிலர் பெருமையாகச் சொல்லுவார்கள். இந்த 40 மீட்டர் மேடு முழுவதும் இறங்கினாலும், எதுவும் வீணாகாமல் திரும்பினாலும், கிடைப்பது 16 வாட்-மணி மட்டுமே. 360 வாட்-மணி பேட்டரியில் அது இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

பேட்டரியும் நூல் மூட்டையும்

அந்தக் கணக்கிலேயே இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. மேடு ஏறச் செலவாகும் மின்சாரம் நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. மேடு கேட்பது கணநேர வலிமையையே. ஆகையால் ஓட்டுபவரும் உடன் மிதித்து நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் போய்வருவதற்கு 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 360 வாட்-மணி, தாராளமாகப் போதும். அதை நிரப்ப அரை யூனிட் மின்சாரமே பிடிக்கும்.

ஈயப் பேட்டரி மலிவு. ஆனால் இதே அளவுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். லித்தியம் பேட்டரி அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த எடையிலேயே அமையும். லித்தியத்திலும் இரும்பு-பாஸ்பேட் வகை சற்றுக் கனமானது. எனினும் வெப்பத்தை நன்கு தாங்கும், நெடுங்காலம் உழைக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே தக்கது.

நெசவாளர் அன்பர்களுக்கு ஒரு முக்கிய வேண்டுகோள். பேட்டரியை நூல் மூட்டைக்கு அருகிலோ, தறிக்குழியின் பக்கத்திலோ, கூரைவீட்டின் உள்ளேயோ வைத்து மின்னூட்டம் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி பழுதடைந்து தீப்பற்றினால் எளிதில் அணையாது. பஞ்சு நூலோ ஒரு பொறிக்கே காத்திருப்பது. சிமெண்டுத் தரையுள்ள திறந்த திண்ணையில், ஆள் விழித்திருக்கும் வேளையில், அந்தப் பேட்டரிக்கென்றே கொடுக்கப்பட்ட மின்னூட்டியால் மட்டும் ஊட்ட வேண்டும். வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே இணைக்காமல் சூடு ஆறவிட வேண்டும். அடிபட்டோ உப்பியோ இருக்கும் பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது. கடற்காற்றின் உப்பு மின் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மாதம் ஒரு முறை துடைத்து, மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் கிரீஸைப் பூசுக.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 250 வாட்டுக்குக் குறைந்ததாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டதாகவும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மேற்படாததாகவும், தக்க பிரேக்கும் ஒளி பிரதிபலிக்கும் வில்லைகளும் கொண்டதாகவும் உள்ள இருசக்கர மின்வண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. ‘பூட்டைத் திறந்தால் 45 கிலோமீட்டர் போகும்’ என்று சொல்லி விற்கப்படும் வண்டி இந்தச் சலுகையை இழந்துவிடுகிறது. விபத்து நேர்ந்தால் பொறுப்பு ஓட்டியவர் தலையில் விழும்.

மூன்று சக்கர வண்டியின் நிலை வேறு. 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 4,000 வாட்டுக்கு மேற்படாத மின்சார மூன்று சக்கர வண்டிகளைத் தனி வகையாக்கியிருக்கிறது. ஆகவே பழைய டிரைசைக்கிளுக்கு மோட்டார் பூட்ட விரும்புவோர், போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்து மூலமான பதில் பெற்ற பிறகே பணம் கட்டுவது நன்று.

சங்கம் செய்யத்தக்கது

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையே உலகக் கூட்டுறவுக்கு முன்மாதிரி என்பதை நம் அங்கத்தினர் அறிவர். அவர்களிலும் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பொருள்களோடுதான் அவர்கள் தொடங்கினார்கள். கலப்படமற்ற சரக்கும் குறையாத எடையுமே அவர்கள் பெயரை நிலைநாட்டின. வண்டி விஷயத்திலும் நமக்கு வழி அதுவே. பத்துப் பேருக்குப் பத்து வண்டி என்று ஒரே நாளில் தீர்மானம் போடுவதைவிட, முதலில் சங்கத்தின் பெயரில் ஏறும் பாரத்துக்கு ஒன்று, இறங்கும் பாரத்துக்கு ஒன்று என இரண்டே வண்டிகள் வாங்கி, அங்கத்தினர் முறைவைத்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கட்டும். என்ன எடை ஏற்றினர், எங்கே திணறியது, எது தேய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பிறகு பத்து வண்டிகளைச் சேர்த்து வாங்கும்போது விலை பேசும் பலமும் நம்மிடம் இருக்கும். உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் அறிவும் இருக்கும்.

கடன் விண்ணப்பத்தில் இனி நான்கு வரிகள் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மொத்த எடை எவ்வளவு? பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் எவ்வளவு? பாரத்தோடு ஏறுவதா, இறங்குவதா? பிரேக் எந்த வகை? இந்த நான்கிற்கும் விடை எழுதாத விண்ணப்பத்தில் நாம் குறிப்பெழுதப் போவதில்லை.

கை முறிந்த உழவருக்கு எலும்பு கூடிவிட்டது. தம் வண்டிக்குத் தட்டு பிரேக் போட்டுக்கொண்டு மறுபடி அங்காடிக்கு இறங்கிவருகிறார். நெசவாளர், கருகிய மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் 22 பல் பிரீவீல் போட்டு இப்போதைக்குக் காலாலேயே மிதிக்கிறார். ஒரு தடவைக்கு எட்டுக் கட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை. முதல் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது. அது தீர்ந்த பிறகு இரண்டாவது விண்ணப்பம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நான்கு வரிகளையும் முதலில் நிரப்பப்போகிறவர் அவரே.